வைஃபை எடுக்காத லேப்டாப்: செட்டிங்ஸா, குச்சியா, கேபிளா, மெஷ்ஷா?

போன ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு எதிர்வீட்டு அக்கா கதவைத் தட்டினார். கையில் திறந்தபடியே லேப்டாப்.

"தம்பி, நாளைக்குக் காலையில மீட்டிங், வீட்டுல இருந்துதான் பேசணும். மத்தியானம் வரைக்கும் நல்லா ஓடுச்சு. இப்ப வைஃபைய எடுக்கவே மாட்டேங்குது. மெஷ் வாங்கணும்கிறான் பையன். லேப்டாப்பே பழசு, புதுசு வாங்கிடலாம்கிறார் அவர். எதை வாங்கட்டும், சொல்லு."

நான் அவருடைய கைப்பேசியைக் கேட்டு வாங்கினேன். அதில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, லேப்டாப்பில் அந்தப் பெயரைத் தட்டி, பாஸ்வேர்டைக் கொடுத்தேன். இருபது வினாடிகூட ஆகவில்லை, இணைந்துவிட்டது. யூடியூப் ஓடியது. "லேப்டாப் நல்லாத்தான் இருக்குக்கா. வீட்டுல இன்னைக்கு என்ன மாத்துனீங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். இரண்டு வருட இணைய ஒப்பந்தம் முடிந்து புதுப்பித்திருக்கிறார்கள். அதோடு புது ரவுட்டர் வந்திருக்கிறது. பையன் அதைச் சாயங்காலம்தான் மாட்டியிருக்கிறான்.

கோளாறு அங்கே இருந்தது. அதைச் சரிசெய்ய ஒரு காசுகூட ஆகவில்லை. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் என் வீட்டில் நடந்தது இதற்கு நேர் எதிர். மகளின் லேப்டாப்பில் வைஃபை அடிக்கடி அறுந்துகொண்டிருந்தது. நான் ரவுட்டர்தான் பலவீனம் என்று முடிவு செய்து, 300 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் கொடுத்து மெஷ் செட் வாங்கினேன். வீட்டில் ஆங்காங்கே வைக்கும் சில பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாகப் பரப்புவதுதான் மெஷ். ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து மாட்டினேன். வீட்டில் எல்லாருடைய கைப்பேசியும் பறந்தது. அந்த லேப்டாப் மட்டும் அதே மாதிரி அறுந்து அறுந்து வந்தது. கடைசியில் பார்த்தால் லேப்டாப்புக்குள் இருந்த வைஃபை அட்டைதான் போயிருந்தது. முப்பது வெள்ளிச் சாமான்.

அதனால்தான் விலையை ஒப்பிடும் முன்னால் கோளாறு எந்தப் பக்கம் என்று பார்க்கச் சொல்கிறேன். செட்டிங்ஸ், வைஃபை பிடிக்கும் யுஎஸ்பி குச்சி, லேப்டாப்பின் உள் அட்டை, கேபிள், மெஷ், புது லேப்டாப் என்று எல்லா வழிகளையும் வரிசையாக வைத்து எது மலிவு, எது வேகம் என்று பார்ப்பதில் பயனில்லை. ஒவ்வொன்றும் வேறொரு நோய்க்கான மருந்து.

பார்க்கும் முறை சுலபம். வீட்டு வைஃபையில் மற்ற கைப்பேசிகள் ஓடுகின்றனவா? ஓடவில்லை என்றால் லேப்டாப்பை விட்டுவிடுங்கள். பைபர் வந்து சேரும் பெட்டியைப் பாருங்கள். அதில் 'லாஸ்' என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் பைபரில் ஒளியே வரவில்லை என்று அர்த்தம். சோபாவை நகர்த்தும்போது அந்த மெல்லிய கம்பி மடங்கிப்போவது நிறைய வீடுகளில் நடக்கிறது. அதற்கு இணைய நிறுவனத்தைத்தான் கூப்பிட வேண்டும். கடையில் வாங்க ஒன்றுமில்லை.

மற்றவை ஓடுகின்றன, லேப்டாப் மட்டும் ஓடவில்லை என்றால் அடுத்தது ஹாட்ஸ்பாட். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப் ஒழுங்காக ஓடினால் குறை வீட்டுப் பக்கம். அதிலும் தள்ளாடினால் குறை லேப்டாப்புக்குள். ஐபோன் 12 அல்லது அதற்குப் பிந்தைய மாடல் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. ஹாட்ஸ்பாட் பக்கத்தில் 'மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைப் போட்டால் 2.4 கிகாஹெர்ட்ஸ், எடுத்தால் 5 கிகாஹெர்ட்ஸ். இரண்டிலும் சோதித்தால், லேப்டாப் எந்த அலைவரிசையில் திணறுகிறது என்பதுகூடத் தெரிந்துவிடும்.

முதலில் லேப்டாப் பக்கம் குறை இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

செலவில்லாத வழிக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஏரோப்ளேன் மோட் தெரியாமல் தட்டுப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சில மாடல்களில் பக்கவாட்டில் சின்ன சுவிட்ச் இருக்கும், சிலவற்றில் மேல்வரிசை விசை. அப்புறம் ரீஸ்டார்ட். 'நான் தினமும் அணைத்துத்தானே போடுகிறேன்' என்பார்கள். விண்டோஸில் ஷட் டவுன் கொடுத்தால், பாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதியால் அது பழைய நிலையில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொண்டுதான் தூங்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுக்கப் புதிதாக எழும். இந்த ஒன்றிலேயே தீர்ந்துபோன லேப்டாப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தீரவில்லையா? வீட்டு வைஃபை பெயரை 'பர்கெட்' கொடுத்துவிட்டுப் பாஸ்வேர்டைப் புதிதாகப் போடுங்கள். டிவைஸ் மேனேஜரில் வைஃபை அட்டையின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்துக்குப் போய், மின்சாரம் மிச்சப்படுத்த அட்டையை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். தூங்கி எழுந்ததும் வைஃபை வராத லேப்டாப்புக்கு இதுதான் பெரும்பாலும் மருந்து. கடைசியாக நெட்வொர்க் ரீசெட். அது சேமித்து வைத்த எல்லா வைஃபை பாஸ்வேர்டுகளையும் விபிஎன் அமைப்புகளையும் அழித்துவிடும். அவற்றை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வைஃபை சின்னமே காணாமல் போயிருந்தால் ஒன்று செய்து பாருங்கள். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பொத்தானை முப்பது வினாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கிய மின்சாரம் வடிந்து, அட்டை மறுபடி கண்ணில் படுவதுண்டு. மறுநாள் திரும்பவும் காணாமல் போனால் அட்டை சாகக் கிடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அட்டைதான் குறை என்றால் இரண்டு வழி. வெளியே யுஎஸ்பி குச்சி செருகுவது, அல்லது உள் அட்டையை மாற்றுவது. என் மனம் உள் அட்டை பக்கம்தான் சாயும். ஆனால் எல்லாருக்கும் அது பொருந்தாது.

குச்சி பதினைந்திலிருந்து நாற்பது வெள்ளிக்குள் கிடைக்கும், எந்தத் திருகையும் தொட வேண்டாம். ஆனால் விரல் நுனி அளவே இருக்கும் குட்டிக் குச்சியை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஆண்டெனா அதற்குள்ளேயே அடங்கியிருப்பதால் எட்டுவது கம்மி, சீக்கிரம் சூடும் ஆகிவிடும். இன்னொரு காரணமும் உண்டு. யுஎஸ்பி 3.0 துளையிலிருந்து கிளம்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் கெடுக்கும் என்று இன்டெல் நிறுவனமே 2012இல் ஒரு ஆவணம் வெளியிட்டது. பக்கத்துத் துளையில் ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் வைஃபை படுத்துவிடுகிறது என்பவர்களுக்கு விடை அதுதான். ஆண்டெனா நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியை வாங்கி, அரை மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பியில் மாட்டி லேப்டாப்பை விட்டுத் தள்ளி வையுங்கள். டிரைவரை, அதாவது குச்சியை இயக்கும் மென்பொருளை, இறக்க இணையம் வேண்டுமே, அதற்குத்தானே குச்சி என்று முழிக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் போட்டால் வைஃபை இல்லாமலே லேப்டாப்புக்கு இணையம் வந்துவிடும். மேக்புக்காரர்கள் குச்சியை நம்ப வேண்டாம், பெரும்பாலானவற்றுக்கு மேக் டிரைவர் கிடையாது.

உள் அட்டை மாற்றுவது முப்பது வெள்ளி, ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர், அரை மணி நேரம். மகளின் லேப்டாப்பை அன்று சாப்பாட்டு மேசையில் கவிழ்த்துப்போட்டு அடிமூடியைத் திறந்தேன். தபால்தலை அளவுக்கு ஒரு பச்சை அட்டை, ஒரே ஒரு திருகில் நிற்கிறது. அதன் தலையில் கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என இரண்டு மெல்லிய கம்பிகள். கம்பி நுனியில் எள்ளளவு பொன்னிற வட்டம். அதை நகத்தால் நேராக மேலே தூக்க வேண்டும், பக்கவாட்டில் இழுத்தால் பிய்ந்துவிடும். புது அட்டையில் மறுபடி அழுத்தும்போது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும், அது வரும்வரை அது உட்காரவில்லை. எனக்கு முதல் கம்பி நாலாவது முயற்சியில்தான் உட்கார்ந்தது. அந்தக் கம்பிகள் கீல் வழியாகத் திரையைச் சுற்றிப் போகின்றன, ஆண்டெனா அங்கேதான் இருக்கிறது. அதனால் திரையை அசைக்கும்போதெல்லாம் சிக்னல் வந்து வந்து போனால் அட்டையைக் குறை சொல்லாதீர்கள். கீலில் கம்பி நசுங்கியிருக்கும், அது கடைக்காரர் வேலை.

அட்டை வாங்கும் முன் இரண்டைக் கவனியுங்கள். உங்கள் லேப்டாப்பில் அது கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். மேக்புக்கிலும் மெல்லிய மாடல்கள் பலவற்றிலும் பலகையோடு பற்றவைத்திருப்பார்கள். இரண்டாவது, மாடல் எண். இன்டெல் ஏஎக்ஸ்201 என்ற அட்டை குறிப்பிட்ட இன்டெல் சிப்புகளோடு மட்டும்தான் வேலை செய்யும், ஏஎக்ஸ்210 பொதுவாக எதிலும் ஓடும். ஓர் எண் மாறினால், இன்டெல் சிப் இல்லாத ஏஎம்டி லேப்டாப்பில் அட்டை செத்த பொருளாகக் கிடக்கும். பழைய அலுவலக மாடல்கள் சிலவற்றில் நிறுவனம் அனுமதித்த அட்டையைத் தவிர வேறெதையும் பயாஸ், அதாவது லேப்டாப் எழும்போது முதலில் ஓடும் மென்பொருள், ஏற்காது என்பதும் உண்டு.

திறக்கப் பயமாக இருந்தால் கடைக்குப் போவதில் தவறில்லை. ரோச்சோர் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேர், தேக்கா சந்தைக்குக் காய் வாங்கப் போகிற வழியிலேயே முடித்துவிடலாம். திறந்து பார்க்க எவ்வளவு, சரிசெய்ய எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு, எழுதி வாங்கிய பிறகுதான் லேப்டாப்பைக் கையில் கொடுக்க வேண்டும். கோப்புகளைப் பிரதி எடுத்துவிட்டுப் போங்கள்.

லேப்டாப் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லையா? அப்படியானால் திறக்கவும் வேண்டாம், குச்சி வாங்கவும் வேண்டாம். 2012 செப்டம்பர் 1 முதல் இங்கே நடப்பில் உள்ள 'லெமன் லா', அதாவது குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் சட்டம், உங்களுக்காகத்தான் இருக்கிறது. பொருளை ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, வாங்கும்போதே இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது விற்றவர் பொறுப்பு. முதலில் பழுதுபார்க்கவோ மாற்றித்தரவோ கேட்கலாம். ரசீதோடு வாங்கிய கடைக்கே போங்கள். நீங்களே மூடியைக் கழற்றிவிட்டால் அந்த வாதம் பலவீனமாகிவிடும்.

புது லேப்டாப்பைப் பற்றி ஒரே வார்த்தை. வைஃபைக்காக மட்டும் வாங்காதீர்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. உங்களுடையது விண்டோஸ் 11 ஏற்காத பழைய இயந்திரம், பேட்டரியும் போய்விட்டது, இப்போது வைஃபையும் என்றால் மாற்ற நேரம் வந்துவிட்டது. மற்றபடி 1,000 வெள்ளிச் செலவை முப்பது வெள்ளி அட்டை தடுத்துவிடும்.

சரி, ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப் ஒழுங்காக ஓடியது, குறை வீட்டுப் பக்கம் என்றால்?

அக்கா வீட்டுக்குப் போவோம். புது ரவுட்டரில் பாதுகாப்பு முறை 'டபிள்யூபிஏ3 மட்டும்' என்று இருந்தது. அது 2018இல் வந்த முறை. அக்காவின் லேப்டாப் அதற்கு முந்தையது. கைப்பேசிகள் புதியவை என்பதால் அவற்றுக்குப் பிரச்சினையில்லை, லேப்டாப்புக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. ரவுட்டர் செயலியில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறைக்கு மாற்றினேன். உடனே இணைந்தது. அக்கா பையனைப் பார்த்தார், பையன் கூகுளில் போட்டு வைத்திருந்த மெஷ் விலைப்பட்டியலை மூடினான்.

ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது புது ரவுட்டர் தருவது இங்கே வழக்கமாகிவிட்டதால், 'நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு' என்பதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு புது ரவுட்டர் இருக்கும். பழைய இன்டெல் அட்டைகளில் டிரைவர் பழையதாக இருந்தால், வைஃபை 6 ரவுட்டரின் பெயரே பட்டியலில் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெயர் எல்லாம் தெரியும், நம்முடையது மட்டும் இருக்காது. டிரைவரைப் புதுப்பித்தால் தெரிந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ரவுட்டர் 12 அல்லது 13ஆம் சேனலில் உட்கார்ந்தாலும் சில லேப்டாப்புகள், குறிப்பாக அமெரிக்காவுக்கென்று அமைக்கப்பட்டவை, பார்க்காது. 1, 6, 11 மூன்றில் ஒன்றில் நிறுத்துங்கள், அவைதான் ஒன்றோடொன்று மோதாதவை. 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையான சேனல்களை ரேடார்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். ரேடார் அலை பட்டதாக ரவுட்டர் நினைத்தால் சட்டப்படி அந்தச் சேனலை விட்டு ஓடிவிடும், லேப்டாப் நடுவழியில் நிற்கும். 36 முதல் 48க்குள் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

இவையெல்லாம் இலவசம். இவற்றுக்குப் பிறகும் லேப்டாப் ரவுட்டர் பக்கத்தில் ஓடி, படுக்கையறைக்குப் போனால் நின்றுவிடுகிறது என்றால் அது தூரமும் சுவரும். இங்கே சிங்கப்பூர் வீட்டுக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும்.

1998க்குப் பிறகு கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பாம் ஷெல்டர் என்று நாம் சொல்கிற பாதுகாப்பறை இருக்கிறது. கனத்த கான்கிரீட் சுவர், உள்ளே நெருக்கமாக இரும்புக்கம்பி, வாசலில் எஃகுக் கதவு. குண்டுச்சிதறலைத் தடுக்கக் கட்டியது, வைஃபையையும் அதே உறுதியோடு தடுக்கும். செங்காங்கில் எங்கள் நான்கறை வீட்டில் ரவுட்டர் அதற்குள்தான் இருந்தது. பார்வைக்கு வீடு சுத்தமாக இருக்கும், பெட்டிகளும் கம்பிகளும் கண்ணில் படாது. அரிசி மூட்டைக்கும் மடக்கு நாற்காலிகளுக்கும் பக்கத்தில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். கதவைச் சாத்தினால் மகளின் அறையில் ஒரு கோடு சிக்னல், திறந்தால் மூன்று கோடு. நாங்கள் வெகுநாள் அந்தக் கதவைத் திறந்தே வைத்திருந்தோம். பிறகு ஒரு நாள் பைபர் பெட்டியை உள்ளேயே விட்டுவிட்டு, ஐந்து மீட்டர் லேன் கேபிளில் ரவுட்டரை மட்டும் வெளியே டிவி அலமாரியின் மேல்தட்டுக்குக் கொண்டுவந்தேன். கேபிள் எட்டு வெள்ளி. அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது, மெஷ் வாங்கும் முன் இதைச் செய்திருக்க வேண்டும் என்று. பாதுகாப்பறைச் சுவரில் துளை போட்டுக் கேபிள் இழுக்க நினைக்காதீர்கள், குடிமைத் தற்காப்புப் படையின் விதிகள் இருக்கின்றன. கதவிடுக்கு வழியே மெல்லிய தட்டைக் கேபிள் போதும்.

ரவுட்டருக்கு இடம் தேடும்போது மீன் தொட்டிக்குப் பின்னாலும், கண்ணாடி பதித்த அலமாரிக்குப் பக்கத்திலும் வேண்டாம். தண்ணீர் அலையை விழுங்கும், கண்ணாடியின் பின்பூச்சு திருப்பி அடிக்கும்.

இடம் மாற்றியும் போதவில்லை என்றால் மூன்று வழி மிஞ்சுகிறது: நேரடிக் கேபிள், மெஷ், மின்கம்பி வழியே அனுப்பும் பவர்லைன் பெட்டி.

நான் கேபிள் கட்சி. ஒரே இடத்தில், ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிற லேப்டாப்புக்கு, இணைய வகுப்போ காணொளிக் கூட்டமோ எதுவானாலும், கேபிளை மிஞ்ச எதுவும் இல்லை. பக்கத்து வீட்டு ரவுட்டர், மைக்ரோவேவ், சுவர், சேனல், பாஸ்வேர்டு எதுவும் அதற்குக் கணக்கில்லை. எங்கள் வரவேற்பறையில் நின்று வைஃபை பட்டியலைத் திறந்தால் முப்பதுக்கும் மேல் பெயர் வருகிறது. மேல்மாடி, கீழ்மாடி, எதிர் புளோக் என்று எல்லாரும் அதே காற்றில்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். கேபிளில் நம் பேச்சு மட்டும்தான். கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரை 1 கிகாபிட் தாங்கும், நம் வீட்டில் இருபது மீட்டருக்கு மேல் தேவைப்படாது. பத்துப் பதினைந்து வெள்ளிதான். மெல்லிய லேப்டாப்பில் லேன் துளை இல்லை என்றால் யுஎஸ்பி-சி மாற்றி ஒன்றுக்கு இன்னும் இருபது முப்பது வெள்ளி. இதில் இன்னொரு நன்மை, வைஃபை அட்டை செத்த லேப்டாப்பும் இதில் ஓடும். இரண்டு பக்க நோய்க்கும் மருந்தாவது இது ஒன்றுதான்.

பிடிஓ, அதாவது பதிவு செய்தபின் வீவக கட்டித்தரும் புது வீட்டில் இருப்பவர்கள் சுவரைப் பாருங்கள். அறைக்கு அறை லேன் துளை வைத்தே கொடுத்திருப்பார்கள். அவற்றின் மறுமுனைகள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கும், அங்கே ரவுட்டரில் செருகினால்தான் அறையில் உயிர் வரும். நிறையப் பேர் அந்தத் துளையை அலமாரியால் மறைத்துவிட்டு மெஷ் விலை விசாரிக்கிறார்கள்.

கேபிளின் குறை என்ன? நடமாட முடியாது. கட்டிலில் படுத்துக்கொண்டு படம் பார்க்கிறவருக்கு அது உதவாது. வாசற்படியில் கேபிள் தடுக்கும், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அதைச் சுவரோரம் ஒட்டியே ஆக வேண்டும். என் மனைவி முதல் நாளே சொன்னார், "என்னங்க, இது நடுவீட்டுல கோலம் போட்ட மாதிரி கிடக்கு." வெள்ளைத் தட்டைக் கேபிளைச் சுவரடிப் பலகையோடு ஒட்டி, கதவடியில் நுழைத்து, மேசைக்குப் பின்னால் ஏற்றினேன். இப்போது தேடினால்தான் தெரியும்.

வாடகை வீட்டிலும் ஒற்றை அறையிலும் இருப்பவர்களுக்கு ஒட்டுவது சிரமம், வீட்டுக்காரர் சம்மதிக்கமாட்டார். அவர்களுக்குப் பவர்லைன் பெட்டியைச் சொல்லலாம். ஒன்றை ரவுட்டர் பக்கத்துச் சுவர்த்துளையிலும் மற்றொன்றை அறையிலும் செருகினால் வீட்டு மின்கம்பியே கேபிளாகிவிடும். பெட்டியின் மேல் போட்டிருக்கும் வேகத்தை நம்பாதீர்கள், அதில் ஒரு பங்குதான் கைக்கு வரும். நீட்டிப்புப் பலகையில் செருகினால் அதுவும் வராது, நேராகச் சுவரில்தான் செருக வேண்டும். பழைய புளோக்குகளில் வீட்டுக்கு வீடு முடிவு மாறுவதால், திருப்பித் தர விடுகிற கடையில் வாங்குங்கள்.

மெஷ் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அன்று வாங்கிய செட் இப்போது யீஷூனில் என் தங்கை வீட்டில் இருக்கிறது. இரண்டு மாடி மெசனெட் வீடு, கீழே ரவுட்டர், மேலே மூன்று படுக்கையறை, ஐந்து பேர், எல்லாரும் நடமாடிக்கொண்டே பார்க்கிறவர்கள். அங்கே அதற்கு நிஜமாகவே வேலை இருக்கிறது. ஒரு லேப்டாப்புக்காக, மூன்றறை வீட்டுக்காக வேண்டாம் என்பதுதான் என் வாதம். வாங்கினால் இரண்டு பெட்டிகளையும் லேன் கேபிளில் இணையுங்கள். காற்றிலேயே ஒன்றோடொன்று பேசவிட்டால், பாதுகாப்பறைச் சுவர் குறுக்கே இருக்கும்போது இரண்டாவது பெட்டியும் அரைகுறையாகத்தான் கேட்கும், அரைகுறையாகத்தான் கொடுக்கும். பழைய ரவுட்டரின் வைஃபையை அணைக்கவும் மறக்க வேண்டாம். இரண்டும் சேர்ந்து ஓடும் வீட்டில் லேப்டாப் ஒன்றிலும் பிரிண்டர் மற்றொன்றிலும் மாட்டிக்கொண்டு ஒன்றையொன்று தேடிக்கொண்டிருக்கும்.

வேகத்தைக் கூட்டலாமே என்று ஒரு யோசனையும் அடிக்கடி வருகிறது. நாடு முழுக்க பைபரை 10 கிகாபிட்டுக்கு உயர்த்தும் வேலை 2024இல் தொடங்கியதிலிருந்து விளம்பரங்களும் நிறைய. நல்ல விஷயம்தான். ஆனால் அந்த வேகம் வீட்டு வாசல் வரை வருகிற குழாயின் அகலம். உங்கள் லேப்டாப் ரவுட்டரோடு பேசவே மாட்டேன் என்கிறபோது குழாயை அகலமாக்கி என்ன கிடைக்கும்? கைப்பேசிகள் நன்றாக ஓடுகிற வீட்டில் லேப்டாப்புக்காக ஒப்பந்தத்தை உயர்த்த வேண்டாம்.

பள்ளிப் பிள்ளைகளின் லேப்டாப் தனிக் கதை. உயர்நிலைப் பள்ளி வழியே பெறும் கற்றல் சாதனத்தில் நிர்வாகச் செயலி ஒன்று போட்டிருப்பார்கள். நீங்கள் நெட்வொர்க் ரீசெட் தேடினால் அது பூட்டியிருக்கலாம், டிரைவர் ஏற்ற அனுமதியும் இருக்காது. குச்சி வாங்கிவந்து வீணாக வேண்டாம். ஹாட்ஸ்பாட் சோதனையை மட்டும் செய்துவிட்டு, அதன் விடையைப் பள்ளியின் உதவி மையத்திடம் சொல்லுங்கள். 'வீட்டுல வரல' என்பதற்கும் 'ஹாட்ஸ்பாட்டுலயும் வரல' என்பதற்கும் அவர்களுக்குப் பெரிய வித்தியாசம், ஒரு நாள் வேலை மிச்சம். அலுவலக லேப்டாப்புக்கும் இதே வழிதான்.

மாற்றிய பிறகு மிஞ்சுகிற பழைய ரவுட்டரைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். 2021 ஜூலை முதல் மின்கழிவைத் திரும்பப் பெறும் திட்டம் நடக்கிறது. கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும் அதற்கான தொட்டிகள் இருக்கின்றன, லேப்டாப்பும் ரவுட்டரும் அதில் சேரும். போடும் முன் ரவுட்டரின் பின்பக்கத்துச் சின்னத் துளைக்குள் ஊசியை விட்டு, விளக்குகள் எல்லாம் ஒருமுறை அணைந்து எரியும்வரை அழுத்திப் பிடியுங்கள். உங்கள் வீட்டு வைஃபை பாஸ்வேர்டு அதற்குள்ளேதான் இருக்கிறது.